73, 83, 93: ஒரே கேமை எத்தனை தடவை விற்கலாம்?

ஃபைனல் ஃபேன்டஸி 14 என்ற ஆன்லைன் கேமை ஆடுகிறவர்களிடம் அடுத்த எக்ஸ்பேன்ஷனில் (காசு கொடுத்து வாங்குகிற புதுப் பாகத்தில்) என்ன வரும் என்று கேட்டுப் பாருங்கள், அறிவிப்பு வருவதற்கு முன்பே ஒப்பிப்பார்கள். 2019-ல் ஷேடோபிரிங்கர்ஸ் வந்தது. 71, 73, 75, 77, 79 என்று லெவலுக்கு ஒரு டஞ்சன் (நாலு பேர் சேர்ந்து அடித்துக் கடக்கிற குகை, கோட்டை மாதிரி இடம்), 80-ல் கதையை முடித்துவைக்க இன்னொன்று. பெரிய பாஸ் (தலைமை எதிரி) சண்டை 73-ல், 79-ல், 80-ல். 2021 டிசம்பரில் எண்ட்வாக்கர்: டஞ்சன்கள் 81, 83, 85, 87, 89, 90, பெரிய பாஸ் 83, 89, 90. 2024 ஜூலையில் டான்ட்ரெயில்: பாஸ் எந்த லெவல்களில் என்று நான் சொல்லவே வேண்டாம், 93, 99, 100. மூன்றிலும் புதிதாக ஆறு நிலப்பகுதிகள். அப்புறம் வரிசையாக வரும் பேட்ச்களில் (இடைப்பட்ட புதுப்பிப்புகளில்) எட்டுப் பேர் ஆடும் ரெய்டு என்ற பெரும் சண்டை நான்கு நான்காக மூன்று தவணை, 24 பேர் ஆடும் ரெய்டு மூன்று.

கதை மாறும், இசை மாறும், ஊர் மாறும். எண்ட்வாக்கரில் தாவ்னைர் என்று நம்ம பக்கத்துச் சாயலில் ஒரு தீவுகூட வைத்திருந்தார்கள், யானைமுக மக்கள், அவர்களை ஆள விருத்ரா என்ற பெயரில் ஒரு டிராகன். அங்கே நுழைந்த அன்றைக்கு எனக்கு வாயெல்லாம் பல். ஆனாலும் 83 வந்தால் பாஸ் வந்தே தீரும்.

இருபது வருஷத்தைத் தொட்டுவிட்ட, தொடப்போகிற ஆன்லைன் கேம்கள் எல்லாவற்றின் மேலும் இதே புகார்தான் இருக்கிறது. அடுத்த அடி எங்கே விழும் என்று தெரிந்துவிட்டது, எதற்குக் காசு கட்ட வேண்டும்? நியாயமான கேள்வி. ஆனால் திட்டுகிறவர்கள் எல்லோரும் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் திட்டுகிறார்கள், அதுதான் எனக்கு ஒப்பவில்லை. ஒரு கேமில் முன்கூட்டியே தெரிய வேண்டிய விஷயங்கள் இருக்கின்றன, தெரியவே கூடாத விஷயங்கள் இருக்கின்றன. பல கம்பெனிகள் இந்த இரண்டையும் இடம் மாற்றி வைத்திருக்கின்றன என்பதுதான் என் வழக்கு.

முதலில் பிங்கைப் பற்றி, அதாவது நாம் அமுக்கியது சர்வருக்குப் போய்த் திரும்பப் பிடிக்கிற நேரத்தைப் பற்றிப் பேசிவிடுகிறேன், ஏனென்றால் சென்னையிலும் பெங்களூரிலும் உட்கார்ந்து ஃபைபர் லைனில் ஆடுகிறவர்களுக்கு இது தோன்றாது.

நான் இருப்பது ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடம். மீன் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிற வேலை, ராத்திரி வந்து கேம். ஃபைனல் ஃபேன்டஸி 14-க்கு இந்தியாவில் சர்வர் கிடையாது, ஜப்பான் சர்வரில்தான் ஆடுகிறேன். கேபிள் லைன் நன்றாக இருக்கிற நாளிலேயே நான் அமுக்கிய பட்டன் அங்கே போய்த் திரும்ப நேரம் பிடிக்கும். காற்று காலத்தில் லைன் போய், போன் ஹாட்ஸ்பாட்டில் ஆடும்போது கேட்கவே வேண்டாம். இந்த லட்சணத்தில் துப்பாக்கி கேம் ஆடினால் நான் எதிரியைப் பார்ப்பதற்கு முன்பே அவன் என்னைச் சுட்டு, என் பையைத் துழாவிவிட்டுப் போயிருப்பான். எங்கள் தெருப் பையன்கள் பிஜிஎம்ஐ என்ற மொபைல் துப்பாக்கி கேமில் தோற்றுவிட்டு முதலில் கத்துகிற வார்த்தையே "லேக்குடா" என்பதுதான், லைன் தாமதம் என்று அர்த்தம். பாதி நேரம் உண்மையும் அதுதான்.

ஃபைனல் ஃபேன்டஸி 14-ல் என்னால் ஆட முடிகிறது என்றால் அதற்குக் காரணம் அந்தக் கேம் முன்கூட்டியே தெரிவதுதான். பாஸ் ஒரு அடிக்குத் தயாராகிறது, திரையில் ஒரு பட்டை நிரம்புகிறது, தரையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டம் விழுகிறது. அந்தப் பட்டை நிரம்பி முடிகிற நொடியில் நீ வட்டத்துக்குள் இருந்தாயா வெளியே இருந்தாயா என்று சர்வர் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அதற்கப்புறம் பாஸ் கையை ஓங்கி, தரையில் குத்தி, தீ கிளம்புவதெல்லாம் வெறும் படம். நான் அந்தத் தீக்குள்ளேயே நின்று சிரித்துக்கொண்டிருக்கலாம், ஒரு புள்ளி உயிர் குறையாது. தெரியாதவர்கள் தீயைப் பார்த்து ஓடுவார்கள், தெரிந்தவர்கள் பட்டையைப் பார்த்து நடப்பார்கள். தலைக்கு மேல் அம்புக்குறிகள் உள்நோக்கி இருந்தால் எல்லோரும் கூடி நின்று அடியைப் பங்கிட வேண்டும், அந்தக் குறியைப் புது எக்ஸ்பேன்ஷனிலும் பார்த்தவுடனே கால் தானாக நகரும். நாம் அடிக்கிற அடுத்தடுத்த அடிகளுக்கு நடுவே அடிப்படை இடைவெளி இரண்டரை விநாடி. ஒரு பாஸ் ஒரு தடவை எந்த வரிசையில் அடித்ததோ, அடுத்த தடவையும் அநேகமாக அதே விநாடியில் அதே வரிசைதான்.

ஆக, எனக்குக் கண்ணும் கையும் வேகமாக இருக்க வேண்டியதில்லை, அடுத்து என்ன என்று தெரிந்தால் போதும். லேக் இருக்கிற ஆளுக்கு ஞாபகம்தான் பிங். (ரொம்ப மேல்மட்ட ஆட்டத்தில் இது கொஞ்சம் இடிக்கும், இரண்டரை விநாடிக்குள் இரண்டு துணை அடிகளைச் சொருகுவது தொலைவில் இருக்கிறவனுக்குக் கஷ்டம். நான் அந்த அளவுக்குப் போகிற ஆள் இல்லை.) 'சண்டையெல்லாம் மனப்பாடம்' என்று எழுதுகிறவர்களுக்கு என் பதில் இதுதான்: மனப்பாடம் இல்லாவிட்டால் இந்தக் கடற்கரையில் ஒருத்தனும் இதை ஆட முடியாது.

இரண்டாவது, நாள்காட்டி. இதில் நான் முழுசாகக் கம்பெனி பக்கம்.

என்னோடு ஆடுகிறவர் கீழக்கரைக்காரர் ஒருத்தர், ஷார்ஜாவில் வேலை. ராமநாதபுரத்தில் பிரவுசிங் சென்டர்கள் இருந்த காலத்துப் பழக்கம், அப்போதிருந்து எனக்கு அவர் காக்கா (அவர்கள் ஊரில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்), அவருக்கு நான் தம்பி. எங்கள் இருவருக்கும் நடுவே ஒன்றரை மணி நேர வித்தியாசம். தினசரி ரெய்டு, டஞ்சன் போனஸ் எல்லாம் புதுப்பிக்கிற நேரம் எனக்கு ராத்திரி எட்டரை, அவருக்கு ஏழு. வாராந்திரக் கணக்கு புதுப்பிப்பது செவ்வாய்க்கிழமை மதியம் ஒன்றரைக்கு, நான் சாப்பாட்டுக் கேரியரைத் திறந்திருக்கிற நேரம். வருஷக்கணக்காக இது மாறவில்லை. பெரிய பேட்ச் முன்பு மூன்றரை மாதத்துக்கு ஒன்று, எண்ட்வாக்கரிலிருந்து ஏறக்குறைய நாலு மாதத்துக்கு ஒன்று. காக்கா லீவு போடுவதே அதைப் பார்த்துத்தான், ஊருக்கு வருகிற லீவை அல்ல, ஊருக்கு வராமல் ரூமிலேயே கிடக்கிற லீவை.

அந்தக் கேமை நடத்துகிற நவோகி யோஷிதா, 'எப்போதும் இதையே ஆடிக்கொண்டிருக்க வேண்டாம், சந்தாவை நிறுத்திவிட்டு வேறு கேம் ஆடுங்கள், பேட்ச் வரும்போது வாருங்கள்' என்ற பொருளில் பல தடவை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். மாதச் சந்தாவில் பிழைக்கிற கேமின் தலைவர் இப்படிச் சொல்வது லேசுப்பட்ட விஷயம் இல்லை. பேட்ச் வருகிற தேதி நம்பிக்கையானது என்பதால்தான் அவரால் சொல்ல முடிகிறது. 2010-ல் முதன்முதலில் வெளியிட்டபோது அந்தக் கேம் படுதோல்வி. 2012 நவம்பரில் கதைக்குள்ளேயே உலகத்தை அழித்து சர்வரை மூடி, 2013 ஆகஸ்டில் புதிதாகத் திறந்தார்கள். அப்படி விழுந்து எழுந்தவர்கள் தேதி தவறாமல் இருப்பதைப் பிடிவாதமாகப் பிடித்துக்கொண்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

இதை என் சித்தப்பாவிடம் சொன்னால் உடனே புரியும். அவர் விசைப்படகில் டிரைவர். எங்கள் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி போகும், மற்ற நாள் நாட்டுப்படகுக்காரர்களுக்கு. முன்னொரு காலத்தில் சண்டை போட்டுப் போட்டு வந்த ஏற்பாடு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், 2017-க்கு முன்னால் அது 45 நாளாக இருந்தது. காற்று எச்சரிக்கை என்றால் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கிடையாது. கல்யாணமா, காதுகுத்தா, கோயில் திருவிழாவா, படகுக்குப் பெயிண்ட் அடிப்பதா, எல்லாம் இந்தக் கணக்கை வைத்துத்தான். ஆனால் டோக்கன் வாங்கிப் போய் வலையை இழுத்தால் உள்ளே கணவாயா, நகரையா, நல்ல இறாலா, வெறும் சங்காயமா (கழிவு மீனா) என்று எந்தக் காகிதத்திலும் எழுதியிருக்காது. எல்லைப் பக்கம் யார் வந்து நிற்பார்கள் என்பதும் எழுதியிருக்காது. என்றைக்குப் போகலாம், என்றைக்குக் கூடாது என்பது கல்லில் எழுதின மாதிரி, போன பிறகு நடப்பது கடலின் இஷ்டம். அந்த இரண்டும் சேர்ந்துதான் அந்தத் தொழில்.

இதே சித்தப்பா ஒரு தடைக்காலத்தில், நான் ஆடுவதைப் பின்னால் நின்று ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தெனமும் இதே ஆளத்தானடா அடிக்கிற? மறுநாள் எந்திரிச்சு வந்து அதே எடத்துல நிக்கிறான்?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. தேதி நிச்சயமாக இருப்பதை நான் கொண்டாடுகிறேன், சண்டையின் மொழி நிச்சயமாக இருப்பதைக் கொண்டாடுகிறேன். ஆனால் போன பிறகு நடப்பதையும் நிச்சயமாக்கிவிட்டார்கள். இப்போதைய டஞ்சன் எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள். நேரான பாதை. இரண்டு கூட்டம் எதிரிகள், ஒரு சுவர். அடித்து முடித்தால் சுவர் திறக்கும். இன்னும் இரண்டு கூட்டம், பாஸ். இதே மாதிரி மூன்று தடவை, வெளியே. டாங்க் (முன்னால் நின்று அடி வாங்குகிற ஆள்) ஆடுகிறவர் சுவர் வரைக்கும் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு ஓடுவார், மற்ற மூவரும் பின்னால். யாரும் யாரிடமும் பேச வேண்டியதே இல்லை, முடிந்ததும் ஒரு வணக்கம் போட்டுவிட்டுக் கிளம்பலாம். டோம்ஸ்டோன் என்ற கேம் நாணயத்துக்கு வாரத்துக்கு இத்தனை என்று உச்சவரம்பு, அதை நிரப்பக் கிட்டத்தட்ட இத்தனை ஓட்டம் என்று ஓடுவதற்கு முன்பே தெரியும்.

முன்பு இப்படி இல்லை. இந்தக் கேமின் முதல் டஞ்சன் சஸ்தாஷா, கடற்கொள்ளையர் ஒளிந்திருக்கும் கடல் குகை. உள்ளே ஓரிடத்தில் ரத்தக்கறை படிந்த ஒரு சீட்டு கிடக்கும், அதில் ஒரு நிறம் எழுதியிருக்கும். சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று பவளப்பாறைகளில் அந்த நிறத்தைத் தொட்டால்தான் வழி. நிறம் ஒவ்வொரு தடவையும் மாறும். சின்ன விஷயம்தான், சிறுபிள்ளை விளையாட்டு. ஆனால் நாலு பேரில் ஒருத்தர் நின்று சீட்டைப் படிக்க வேண்டும், மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். புதிதாக வந்தவர் வழி தெரியாமல் நிற்பார், பழைய ஆள் திரும்பி வந்து கூட்டிப் போவார். டோட்டோ-ராக் என்று இன்னொரு டஞ்சன், கிளை கிளையாகப் பிரிகிற குகை, எல்லோரும் வெறுத்த இடம். 2022 ஏப்ரல் பேட்சில் அதை நிமிர்த்தி நேராக்கிவிட்டார்கள். நானும்தான் அதை வெறுத்தேன். இப்போது நேராக இருக்கிற டோட்டோ-ராக்கில் நடந்த ஒரே ஒரு விஷயத்தைக்கூட என்னால் சொல்ல முடியாது, வளைந்து கிடந்ததில் நாங்கள் தொலைந்துபோன கதைகளைக் காக்கா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் இதற்கு நேர் எதிர்த் தப்பைச் செய்தது. 2004 நவம்பரில் ஆரம்பித்த கேம், 2010-ல் ஒரு கோடியே இருபது லட்சம் சந்தாதாரர்கள் என்று உச்சத்தைத் தொட்டது. அதற்கப்புறம் எக்ஸ்பேன்ஷனுக்கு எக்ஸ்பேன்ஷன் புதுசாக ஏதாவது காட்டியாக வேண்டும் என்ற பதற்றம். 2016-ல் லீஜன் வந்தபோது ஒவ்வொருத்தருக்கும் ஒரு புராண ஆயுதம், அதற்கு உரம் போட்டுப் போட்டு வளர்க்க வேண்டும். ஜனங்கள் வளர்த்தார்கள். 2018-ல் அடுத்த எக்ஸ்பேன்ஷன், அந்த ஆயுதத்தின் சக்தியை வாங்கிவிட்டுக் கழுத்துக்கு ஒரு மாலை கொடுத்தார்கள், அதை வளர்க்க வேண்டும். 2020-ல் மாலையும் செல்லாது, இப்போது நாலு குலங்களில் ஒன்றில் சேர், அதன் சக்தியை வளர். இரவல் சக்தி என்று ஆடுகிறவர்களே இதற்குக் கேலியாகப் பெயர் வைத்தார்கள்.

கவனித்தீர்களா, சுற்றியிருந்த சட்டகம் எதுவும் மாறவில்லை. புதுக் கண்டம், லெவல் ஏறு, தினசரி வேலைகள், டஞ்சன், ரெய்டு, அடுத்த ரெய்டு. ஆளின் கையில் இருக்கும் கருவி மட்டும் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பிடுங்கப்பட்டது. கற்றுக்கொண்டதுதான் ஒரு பழைய கேமில் ஒருவனுக்குச் சேர்கிற சொத்து. அதை அழித்துவிட்டு, மாற வேண்டிய அன்றாடத்தை அப்படியே விட்டார்கள். 2022-ல் டிராகன்ஃப்ளைட்டில்தான் அதை நிறுத்தி, பழைய மாதிரித் திறமை மரங்களை (சக்திகளைக் கிளை கிளையாகத் தேர்ந்தெடுக்கிற முறையை) கொண்டுவந்து, அடுத்த வருஷத்துக்கான பேட்ச் வரிசையையும் முன்கூட்டியே வெளியிட்டார்கள். அதிகம் பேசப்படாத மாற்றம், என் பார்வையில் அந்த வருஷத்து நல்ல காரியம் அதுதான்.

விதியை மாற்றினால் எவ்வளவு மோசமாகப் போகலாம் என்பதற்கு ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ் இருக்கிறது. 2003-ல் வந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட தொழில்கள், ஒருத்தர் தையல்காரராக இருக்கலாம், நடனக்காரராக இருக்கலாம், மிருகம் பழக்கலாம், வீடு கட்டிக் கடை வைக்கலாம். 2005 நவம்பரில் ஒரு எக்ஸ்பேன்ஷனை விற்றுக் கல்லாவில் காசு போட்ட சூட்டோடு, அடுத்த சில வாரங்களுக்குள் சண்டை முறையையே தூக்கிப் போட்டுவிட்டு, தொழில்களை ஒன்பதாகச் சுருக்கினார்கள். கொதித்துப் போனவர்களுக்கு அந்த எக்ஸ்பேன்ஷன் காசைத் திருப்பித் தர வேண்டி வந்தது. 2011 டிசம்பரில் மூடினார்கள். வருஷக்கணக்காகக் கடை நடத்தியவனிடம் 'நாளையிலிருந்து நீ கடைக்காரன் இல்லை' என்று சொன்னால் அவன் எங்கே போவான்?

ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் இந்தக் கட்டுரைக்கு வருகிற எல்லாக் கேம்களிலும் எனக்குப் பிடித்தது, பார்க்க அசிங்கமாக இருப்பதும் அதுதான். 2012 நவம்பரில் ரூன்ஸ்கேப்பின் சண்டை முறையை அடியோடு மாற்றி ஜனங்களை விரட்டிவிட்டு, 2013 பிப்ரவரியில் அவர்களே 2007 ஆகஸ்ட் காலத்துப் பழைய நகலைத் தூசி தட்டித் திறந்தார்கள். அதில் உலகமே 0.6 விநாடிக்கு ஒரு தடவைதான் நகரும். நடப்பது, அடிப்பது, தின்பது, மீன் பிடிப்பது, எல்லாம் அந்தத் துடிப்பின் மேல். நீ எவ்வளவு வேகமாகக் கிளிக் செய்தாலும் அடுத்த துடிப்பில்தான் நடக்கும். என்னைப் போன்ற லேக் ஆசாமிக்கு அறுநூறு மில்லிவிநாடி என்பது சொர்க்கம், என் பட்டன் பாம்பன் பாலத்தில் மாட்டிக்கொண்டாலும் அடுத்த துடிப்புக்குள் போய்ச் சேர்ந்துவிடும்.

இதைவிட முன்கூட்டியே தெரிகிற விதி உலகத்தில் இல்லை. அதற்காகச் சலிப்புத் தட்டியதா என்றால் நடந்தது தலைகீழ். அந்தத் துடிப்புக்கு நடுவில் என்னவெல்லாம் செய்யலாம் என்று ஆடுகிறவர்கள் ஆராய்ச்சி பண்ணி, அடி விழுகிற ஒரே துடிப்பில் மட்டும் பாதுகாப்பு மந்திரத்தைப் போட்டு அணைப்பது, கேமை உருவாக்கியவர்கள் நினைத்தே பார்க்காத வரிசையில் தின்றுகொண்டே அடிப்பது என்று ஒரு வித்தையாகவே வளர்த்துவிட்டார்கள். அனுபவப் புள்ளிக் கணக்கும் அப்படித்தான். 99-ஆம் லெவலுக்கு 1,30,34,431 புள்ளி, 92-ஆம் லெவலுக்கு 65,17,253. அதாவது 92 வந்தால்தான் நீ பாதிக் கிணறு தாண்டியிருக்கிறாய். முதல் நாளே தெரியும், ஏமாற்று இல்லை. புதுசாக எதைச் சேர்ப்பதற்கும் ஆடுகிறவர்களிடம் ஓட்டெடுப்பு நடத்துவார்கள், ரொம்ப நாள் 75 சதவீதம் ஆதரவு வேண்டும் என்று இருந்தது, 2022-ல் 70 ஆக்கினார்கள். விதியில் கை வைக்கும் முன் கேட்டுவிட்டு வை என்ற மரியாதை.

அந்தக் கேமில் மீன்பிடி டிராலர் ஒன்று உண்டு. ஏறினால் படகில் ஓட்டை விழுந்துகொண்டே இருக்கும், அடைத்துக்கொண்டே வாளியால் தண்ணீரை இறைக்க வேண்டும், வலையும் கிழியும். சித்தப்பாவிடம் காட்டினேன். "ஓட்டைப் போட்டுக்கு எவன்டா டோக்கன் குடுத்தது?" என்றவர், கடைசியில் வலையில் என்ன விழுந்தது என்று தெரியும்வரை நகரவில்லை.

ஈவ் ஆன்லைன் கணக்குப்பிள்ளைகளின் கேம் என்று கேலி செய்வார்கள். 2003-லிருந்து ஓடுகிறது, பெரும்பாலான நாள் அதில் ஒன்றுமே நடக்காது, சுரங்கம் தோண்டுவார்கள், சரக்கு ஏற்றுவார்கள். 2014 ஜனவரி 27-ல் ஒரு கூட்டணி தன் விண்வெளிப் பகுதிக்குக் கட்ட வேண்டிய கட்டணம் போய்ச் சேரவில்லை. அவ்வளவுதான். பி-ஆர்5ஆர்பி என்ற அந்த இடம் ஆளில்லாத சொத்தானது, எதிரிகள் புகுந்தார்கள், ஆயிரக்கணக்கான பேர் இருபது மணி நேரத்துக்கு மேல் அடித்துக்கொண்டார்கள், வருஷக்கணக்கில் உழைத்துக் கட்டிய டைட்டன் கப்பல்கள் எழுபதுக்கும் மேல் அழிந்தன. இத்தனை பேர் ஒரே இடத்தில் குவிந்தால் சர்வர் தாங்காது என்று அந்தக் கேமில் காலத்தையே மெதுவாக்கிவிடுவார்கள், பத்தில் ஒரு பங்கு வேகம் வரைக்கும். இதிலும் எல்லா விதியும் எல்லோருக்கும் தெரியும். கட்டணம் கட்டாவிட்டால் இடம் போகும் என்பது தெரிந்த விதிதான். யார் மறப்பார்கள் என்பது தெரியாது.

வார்கிராஃப்டிலேயே இப்படி ஒன்று நடந்திருக்கிறது, 2005 செப்டம்பரில். ஹக்கார் என்ற பாஸ் வைக்கும் ரத்த நோய், ரெய்டுக்குள்ளேயே இருந்திருக்க வேண்டியது, வளர்ப்பு மிருகங்கள் வழியாகத் தலைநகரங்களுக்கு வந்துவிட்டது. தெருவெல்லாம் எலும்புக்கூடு. சிலர் குணப்படுத்த ஓடினார்கள், சிலர் ஊரைவிட்டு ஓடினார்கள், சிலர் வேண்டுமென்றே பரப்பினார்கள். 2007-ல் தொற்றுநோய் ஆய்விதழ்களில் இதைப் பற்றிக் கட்டுரையே வந்தது. கம்பெனிக்கு அது பிழை, சர்வரை மீட்டமைத்துச் சரி செய்தார்கள். அந்தக் கேமைப் பற்றி எதுவும் தெரியாதவர்களுக்கும் தெரிந்த கதை அந்தப் பிழைதான், திட்டமிட்டு வைத்த பாஸ்களில் எத்தனையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியும்?

பழியை முழுக்கக் கம்பெனி தலையில் போடுவதும் சரியில்லை. சலிப்பை உண்டாக்குவதில் நமக்கும் பங்கு உண்டு. கில்ட் வார்ஸ் 2-ல் டெக்வாட்டல் என்ற கடல்கரை டிராகன் நம் நேரப்படி சாயங்காலம் ஐந்துக்கும் ராத்திரி ஒன்பதரைக்கும் வரும். 2013 செப்டம்பரில் அதைக் கடுமையாக்கினார்கள், 15 நிமிஷத்துக்குள் முடிக்காவிட்டால் அது பறந்து போய்விடும். முதல் வாரங்களில் முன்பின் தெரியாத கூட்டம் தோற்றது, கத்தியது, யார் பீரங்கியில் நிற்பது என்று சண்டை போட்டது. அப்புறம் யாரோ எங்கே நிற்க வேண்டும் என்று எழுதினார்கள், எல்லோரும் படித்தோம். இப்போது சாப்பிட்டுக்கொண்டே முடிக்கலாம். வார்கிராஃப்டில் 'நகரு', 'கூடி நில்' என்று சத்தம் போட்டுச் சொல்லும் ஆடான்களை (கேமோடு ஒட்டவைக்கிற துணை நிரல்களை) ஆடுகிறவர்களே எழுதினார்கள், அதைச் சமாளிக்கக் கம்பெனி இன்னும் சிக்கலான பாஸ் செய்தது, அதற்கு இன்னும் பெரிய ஆடான். இந்தத் துரத்தலை நிறுத்தத்தான் மிட்நைட் எக்ஸ்பேன்ஷனில் சண்டை ஆடான்களைக் கட்டுப்படுத்துவதாக 2025-ல் அறிவித்தார்கள். சிக்கலான மனப்பாடம் எத்தனை கொடுத்தாலும் யாரோ ஒருத்தர் விடைத்தாள் எழுதிவிடுவார். விடைத்தாள் எழுத முடியாத ஒரே பொருள் எதிரே இருக்கிற இன்னொரு மனுஷன்.

இதற்காக எல்லாக் கேமும் ஈவ் மாதிரி அடுத்தவனைக் கொள்ளையடிக்கிற இடமாக வேண்டும் என்று நான் கேட்கவில்லை, அலுத்துப்போய் வீட்டுக்கு வருகிறவனுக்கு அது வேண்டாத வேலை. நான் கேட்பது ரொம்பச் சின்னது. 83-ல் பாஸ் வரட்டும், எட்டரைக்கு ரீசெட் வரட்டும், ஆரஞ்சு வட்டம் ஆரஞ்சாகவே இருக்கட்டும். டஞ்சனில் இரண்டு இடத்தில் பாதை பிரியட்டும், எந்தப் பக்கம் என்பது அன்றன்றைக்கு மாறட்டும். பத்தில் ஒரு தடவை மூன்றாவது பாஸுக்குப் பதில் வேறொன்று நிற்கட்டும். சீட்டைப் படித்து இன்னொருத்தருக்குச் சொல்ல வேண்டிய அவசியம் எங்காவது இருக்கட்டும்.

காக்காவுக்கு இதில் உடன்பாடில்லை. பன்னிரண்டு மணி நேர டியூட்டி முடித்து வருகிறவனுக்கு நேரான பாதைதான் வேண்டும் என்கிறார், கிளைப் பாதை போட்டால் சந்தாவை வெட்டிவிடுவாராம். போன வாரம்கூட வாய்ஸ் மெசேஜில் திட்டினார்: "தம்பி, வளைஞ்சு போற டோட்டோ-ராக்ல என்னைய முக்கா மணி நேரம் தேட விட்டவன்தானப்பா நீயி." அவர் சந்தாவைக் கட்டிவிட்டார். நான் கட்டவில்லை, அடுத்த பேட்ச் வரைக்கும் ரூன்ஸ்கேப்பில் மீன் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.